அம்மா வழும்பெடுத்த எட்டு மீன்கள்

“மீனுக்கு உடம்பெல்லாம் காதெண்டால், நான் கடலிலை நிண்டு கத்துற கத்துக்கு ஒண்டாவது திரும்பிப் பாத்திருக்க வேணுமே!”

இதைச் சொன்னவர் என் பெரியப்பா. அவரும் அப்பாவும் குருநகருக்கு முன்னால் உள்ள ஆழமில்லாத பரவைக்கடலில் சேர்ந்து சிறகுவலை வைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, எங்கள் முற்றத்தில் வலையை விரித்து, பிய்ந்த இடங்களைப் பொத்திக்கொண்டிருந்தபோதுதான் நான் என் ஆய்வைப் பற்றி வாய் திறந்தேன். பல்கலைக்கழகத்தில் எனக்கு அது கடைசி வருடம். மீன்கள் தண்ணீரின் அசைவை எப்படி உணர்கின்றன என்று ஆராயப்போகிறேன் என்றேன். பெரியப்பா மேற்படி வசனத்தைச் சொல்லிவிட்டு, அதற்குத் தானே முதலில் சிரித்தார்.

“காதெண்டு நான் சொல்லேல்லை, பெரியப்பா. காதுக்குள்ளை இருக்கிற மாதிரியான ஒரு கலம், மீனுக்குத் தோலிலை இருக்கு.”

“என்ன?” என்று அவர் வலது காதைத் திருப்பினார். இடது காது, இயந்திரப் படகின் பின்பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எப்போதோ போய்விட்டது. அவரிடம் எதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டும். முதல் தரம் அவருக்கு, இரண்டாம் தரம் எங்கள் சின்னத் தெருவுக்கு, ஒழுங்கை முழுவதற்கும்.

“தோலிலை! ஒரு கலம்! இருக்கு!”

“தோலிலை இருக்கிறது செதில். அதைக் காணாமலே நாப்பது வருசமா மீன் பிடிக்கிறன்?”

அப்பா வலை ஊசியைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கினார். அவர் யார் பக்கம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இதைச் சொல்வதில் எனக்கு அடக்கம் ஒன்றும் கிடையாது: எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தொடங்கி, முடித்து, அதற்கு அப்பாலும் போன முதல் ஆள் நான்தான். அம்மா மூன்றாம் வகுப்போடு இடம்பெயர்ந்தவர். அந்த வகுப்பு எந்த ஊரில் நின்றுபோனது என்பதே அவருக்கு நினைவில்லை. அப்பா தன் பெயரை எழுதுவார். எழுதும்போது நாக்கின் நுனி கொஞ்சம் வெளியே வரும். எனக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த அன்று அம்மா மீன் சந்தையிலும் தேவாலய வாசலிலும் முழு ஒழுங்கையிலும் அந்தச் செய்தியைச் சொல்லி முடித்து, தொண்டை கட்டிப்போய்த்தான் வீட்டுக்கு வந்தார். பிறகு ஒரு சின்னச் சங்கடம் வந்தது. “மகள் கம்பஸிலை என்ன படிக்கிறாள்?” என்று கேட்பவர்களுக்கு “மீன்” என்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. “அது வீட்டிலேயே கிடந்ததே!” என்பார்கள்.

ஆகவே அந்த ஆய்வுத் தலைப்பு எனக்கு மானப்பிரச்சினை. வீட்டில் கிடக்கும் மீனுக்குள் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

தலைப்பைத் தருகிறவர் எங்கள் விரிவுரையாளர். அவரை மடம் என்றுதான் கூப்பிடுவோம். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நல்ல விசயம். ஆனா அந்தக் கலத்தை உயிரோடை பாக்கிற நுணுக்குக்காட்டி எங்களிட்டை இல்லை. கலத்தைக் காட்ட ஏலாதெண்டால், அது செய்யிற வேலையை எண்டாலும் எனக்குக் காட்டும். வெள்ளிக்கிழமை காலமை வாறன். இருட்டுக்குள்ளை, கண்ணாலை பாக்காமல், உம்மடை மீன் நீரோட்டத்துக்கு முகம் குடுத்து நிக்க வேணும். நிண்டால் தலைப்பு உமக்கு.”

“நிக்காட்டி, மடம்?”

“சேத்துச் சிப்பி இருக்கு.”

சேற்றுச் சிப்பி என்பது ஒரு கோப்பு. பல வருடங்களாக மடத்தின் மேசையில் கிடக்கிறது, யாரும் எடுப்பதில்லை. கரையோரச் சேற்றில் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் எத்தனை சிப்பி இருக்கிறது என்று முழங்கால் புதைய நின்று எண்ணுவது. எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நான் முழங்கால் புதையச் சேற்றில் நின்றவள். அதற்கு மறுபடி போய் நிற்பதற்காகவா இவ்வளவு தூரம் படித்தேன்?

இந்த இடத்தில் அந்தக் கலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரியப்பாவுக்குச் சொன்னதுபோலக் கத்தாமல் சொல்கிறேன்.

மீனைக் கையில் எடுத்தால், செவுளின் ஓரத்திலிருந்து வால்வரை பக்கவாட்டில் ஒரு கோடு ஓடுவது தெரியும். அதற்குப் பெயரே பக்கக்கோடு. எங்கள் வீட்டில் அது கத்தி வைப்பதற்கு வசதியாகக் கடவுள் போட்டுத் தந்த கோடு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்தக் கோட்டின் வழியே செதில்களுக்குள் ஒரு மெல்லிய குழாய் போகிறது. அந்தக் குழாய்க்குள்ளும், வெளியே தோலின் மேலும், முகத்திலும்கூட, கண்ணுக்குத் தெரியாத மொட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு மொட்டிலும் மயிர்க்கலங்கள் கூட்டமாக நிற்கின்றன.

மயிர் என்றால் நம் தலையில் உள்ளதுபோல அல்ல. ஒவ்வொரு கலத்தின் உச்சியிலும் மிக நுண்ணிய இழைகளின் கட்டு ஒன்று உண்டு. பள்ளிக்கூடக் காலைப் பிரார்த்தனையில் உயரப்படி நிறுத்துவதுபோல, கட்டையானவை முன்னால், நெட்டையானவை பின்னால், எல்லாவற்றுக்கும் நெட்டையான ஒன்று கடைசியில். இந்த இழைக்கட்டுகள் எல்லாவற்றுக்கும் மேலே, மொட்டுக்கு ஒன்றாக, ஜெலியாலான ஒரு தொப்பி. தண்ணீர் அசைந்தால் தொப்பி சாயும். தொப்பி சாய்ந்தால் இழைகள் சாயும். கட்டை இழையின் நுனிக்கும் பக்கத்து நெட்டை இழைக்கும் நடுவில் ஒரு நூல் கட்டியிருக்கிறது. எங்கள் வலைகளில் உள்ள எந்த நூலும் அதற்குப் பக்கத்தில் வடக்கயிறு. இழைகள் நெட்டையின் பக்கம் சாயும்போது அந்த நூல் இறுகி, ஒரு நுண்கதவை இழுத்துத் திறக்கிறது. மின்னேற்றம் உள்ள அயன்கள் உள்ளே பாய்கின்றன. கலம் விழித்துக்கொண்டு, தன் அடிப்பக்கத்தில் ஒரு வேதிப்பொருளை நரம்பிடம் விடுகிறது. நரம்பு அதை மூளைக்குக் கொண்டுபோகிறது. மற்றப் பக்கம் சாய்ந்தால் நூல் தொய்கிறது, கதவு மூடுகிறது, கலம் அடங்கிப்போகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இனித்தான். அசையாத தண்ணீரிலும் அந்தக் கலம் முழுக்க வாயை மூடுவதில்லை. எப்போதும் மெல்ல முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது. முணுமுணுப்புக் கூடினால் தண்ணீர் இந்தப் பக்கம், குறைந்தால் அந்தப் பக்கம். போதாததற்கு ஒரே மொட்டில் சில கலங்கள் தலைப் பக்கம் பார்த்தும் சில வால் பக்கம் பார்த்தும் நிற்கின்றன. எங்கள் ஒழுங்கையில் எதிரெதிர் வாசல்களில் இருக்கும் இரண்டு அக்காமாரைப் போல. ஒருவருக்குக் கடற்கரைக்குப் போகிறவர்களைப் பற்றித்தான் கதை, மற்றவருக்குத் தேவாலயத்துக்குப் போகிறவர்களைப் பற்றி. எந்தக் குரல் உயர்ந்து எந்தக் குரல் தாழ்கிறது என்பதை வைத்தே, அடுப்படியில் இருக்கும் அம்மா யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று சொல்லிவிடுவார். மீனின் மூளையும் அம்மாவைப் போலத்தான் அடுப்படியில் இருக்கிறது.

மீன் தானே நீந்தும்போது எழும் அசைவைக் கண்டு குழம்பாமல் இருக்க, மூளை அந்தக் கலங்களைப் பார்த்துக் கொஞ்சம் அடங்குங்கள் என்று சொல்லிவைக்கிறதாம். எங்கள் வீட்டில் அந்த ஏற்பாடு மட்டும் இல்லை.

சிறகுவலையைப் பற்றியும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கம்புகளை நட்டு, சுவர்போல நீளமாக வலையைக் கட்டி, கடைசியில் கூடுபோல ஒரு வலையறை வைப்பார்கள். கலங்கல் தண்ணீரில் மீனுக்கு வலை சரியாகத் தெரியாது. ஆனாலும் மோதுவதற்கு முன்பே திரும்பிவிடும். திரும்பி, சுவரோரமாகவே போய், கூட்டுக்குள் நுழையும். மோதாமல் திரும்பும் அளவுக்கு உணர்வு இருப்பதால்தான் அது பிடிபடுகிறது என்று நினைக்கிறேன். “படிச்ச ஆக்களுக்கும் உதுதான் நடக்கிறது” என்று பெரியப்பா சொல்வார் என்பதால் இதை அவரிடம் சொல்லவில்லை.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

ஆய்வுகூடத்தில் ஒரு நீளமான கண்ணாடித் தொட்டி, ஒரு சின்ன நீர்ப்பம்பி, யன்னல்களை மூடக் கறுப்புத்துணி, மீனுக்குப் பார்வை எட்டாத அளவுக்கு மங்கலான ஒரு சிவப்பு மின்குமிழ் எல்லாம் தயார்செய்து வைத்திருந்தேன். அங்கே இருந்த நான்கு மீன்களை வைத்து முன்கூட்டியே பார்த்தும்விட்டேன். பம்பி மெதுவாக ஓடத் தொடங்கியதும் நான்கும் திரும்பி ஓட்டத்துக்கு முகம் கொடுத்தன. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வீட்டுக்குப் போன நடை தனி நடை. ஆனால் அன்று இரவே மின்சாரம் நின்று, காற்றுப் பம்பியும் நின்று, புதன் காலை நான்கும் வயிற்றைக் காட்டி மிதந்தன.

கேலிசெய்த வாசலுக்கே போக வேண்டியதாயிற்று.

“பெரியப்பா, எனக்கு உயிரோடை எட்டு யப்பான் மீன் வேணும்.”

யப்பான் மீன் என்று நாங்கள் சொல்வது திலாப்பியாவை. அது எத்தனை அடி பட்டாலும் சாகாது, எந்தத் தண்ணீரிலும் இருக்கும். அதனால்தான் எனக்கு அது வேண்டும். அதே காரணத்தால்தான் எங்கள் ஆட்கள் அதை மதிப்பதில்லை.

“யப்பான் மீனோ!” பெரியப்பாவின் கையிலிருந்த ஊசி நழுவியது. “எடி பிள்ளை, நாங்கள் கடல் ஆக்கள். குளத்து மீனைத் தூக்கிக்கொண்டு நான் துறையாலை வந்தால் என்னைப் பற்றி என்ன கதைப்பினம்?”

“பரவைக்கடலுக்குள்ளையும் படுகுதுதானே?”

“படுகுது. பட்டால் எறிஞ்சு போட்டு வாறனாங்கள். சொல்லுறனாங்களோ?”

ஆனாலும் வியாழன் முற்பகல் எட்டு மீன்கள் வந்தன. ஒரு பிளாஸ்ரிக் கானுக்குள், யாரும் பார்க்காதபடி மேலே சாக்குப் போட்டு மூடி. பெரிய நீலப் பேசின் ஒன்றில் கடல் தண்ணீரோடு நிழலில் விட்டேன். அன்று முழுவதும் கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றேற்றிக்கொண்டிருந்தேன். அம்மா பேசினைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூக்கைச் சுருக்கினார். ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். அம்மா ஒன்றும் சொல்லாவிட்டால் ஏதோ செய்யப்போகிறார் என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை காலை சேலை கட்டினேன். முன்பக்க மடிப்பான கொய்யகம் சரியாக வராமல் மூன்று தரம் அவிழ்த்துக் கட்டினேன். வெளியே வந்தபோது மீன்கள் மூடியுள்ள வாளியில் ஏற்றப்பட்டுத் தயாராக இருந்தன. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். எட்டும் உயிரோடு. புதுச் சட்டை போட்டதுபோல மினுங்கின. காலை வெயில் என்று நினைத்தேன்.

பஸ்ஸில் வாளியை இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்து நின்றேன். நடத்துனர் டிக்கட்டோடு வந்தார்.

“தங்கச்சி, வாளிக்குள்ளை என்ன?”

“மீன்.”

உள்ளே ஒன்று துள்ளி மூடியில் அடித்தது. அவர் ஒரு அடி பின்னால் போனார்.

“உயிரோடையோ? எங்கை கொண்டு போறியள்?”

“கம்பஸுக்கு.”

“மீனும் கம்பஸுக்குப் போகுது,” என்று அவர் முழு பஸ்ஸுக்கும் கேட்கும்படி சொன்னார். “என்ரை மகன்தான் போகேல்லை.”

மடம் சரியான நேரத்துக்கு வந்தார். கையில் ஒரு கோப்பு இருந்தது. அதன் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். கறுப்புத்துணியை இழுத்துவிட்டு, சிவப்பு விளக்கைப் போட்டு, மீன்களைத் தொட்டிக்குள் விட்டு, அவை அடங்கக் கொஞ்சநேரம் காத்திருந்து, பம்பியைப் போட்டேன்.

ஒன்று ஓட்டத்துக்குக் குறுக்கே நின்றது. ஒன்று மூலையில் மூக்கை வைத்துக்கொண்டு சுவரோடு ஏதோ கதைத்தது. இரண்டு ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஒன்று பின்பக்கமாகவே அள்ளுப்பட்டுப் போய், தொட்டியின் கடைசியில் கட்டியிருந்த தடுப்புவலையில் முட்டிய பிறகுதான் தண்ணீர் ஓடுகிறது என்று கண்டுபிடித்தது.

“முகம் குடுக்கும் எண்டு சொன்னீர்,” என்றார் மடம்.

“ஓம், மடம்.”

“இது வாலைக் குடுக்குது.”

பம்பியின் வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன். சேலைத் தலைப்பு நனைந்தது. எதுவும் மாறவில்லை. மடம் கோப்பை மேசையில் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார், ஆனாலும் எனக்குச் சத்தம் கேட்டது. அப்பா கூட்டிப்போன சேறு, பெரியப்பா நடக்கும் சேறு, அடுத்த ஒரு வருடமும் என் காலைச் சுற்றி ஏறப்போகும் சேறு.

மடம் விளக்கை முழுதாகப் போட்டுவிட்டுத் தொட்டிக்குள் குனிந்தார்.

“உம்மடை மீன் ஏன் இவ்வளவு துப்பரவா இருக்கு?”

கையை விட்டு ஒன்றைப் பிடித்தேன். பிடிபட்டது. அதுதான் பிழை. உயிரோடுள்ள யப்பான் மீன் அப்படிச் சுலபமாகக் கையில் நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும். இது வழுக்கவில்லை. சட்டியில் போட ஆயத்தமான மீனைப்போலச் சொரசொரவென்று இருந்தது. செவுளின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு துகள் ஒட்டியிருந்தது.

கை இரண்டும் ஈரம். கைபேசியை மேசையில் வைத்து, மடம்தான் அம்மாவின் இலக்கத்தை அழுத்தினார். சத்தம் முழு ஆய்வுகூடத்துக்கும் கேட்டது.

“அம்மா, மீனுக்கு ஏதும் செய்தனீங்களோ?”

“ஏன், செத்துப் போச்சோ?”

“இல்லை, உயிரோடைதான் இருக்கு. என்ன செய்தனீங்கள்?”

“நான் என்ன செய்யப் போறன்? கழுவி விட்டனான்.”

“எதாலை?”

“சாம்பலாலைதான், வேறை எதாலை? ஒவ்வொண்டா ஈரத்துணியிலை பிடிச்சு, தலையிலை இருந்து வால் மட்டும் வடிவா வழும்பெடுத்தனான். பெரிய இடத்துக்குப் போற மீனை நாத்தத்தோடை அனுப்புறதோ? உங்கடை மடம் ஆக்கள் என்னை என்னெண்டு நினைப்பினம்?”

மடம் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே கறுப்புத்துணியைத் தவிரப் பார்க்க ஒன்றும் இல்லை. அவருடைய தோள்கள் குலுங்கின.

“பிள்ளை, இன்னும் நாறுதோ?”

“இல்லை அம்மா. நாறேல்லை.”

“பாத்தியே!” என்று சந்தோசமாகச் சொல்லி அம்மா தொடர்பைத் துண்டித்தார்.

எங்கள் பகுதியில் சந்தைக்குப் போகும் மீன் வேறு, இன்னொருவர் வீட்டுக்குப் போகும் மீன் வேறு. சுவாமியார் வீட்டுக்கோ சம்பந்தி வீட்டுக்கோ ஆசிரியர் வீட்டுக்கோ மீன் அனுப்பினால், அதன் மேலுள்ள வழுவழுப்பை, அதாவது வழும்பை, சாம்பல் தேய்த்து எடுத்து, அலசி, பாத்திரத்தில் வைத்துத் துணியால் மூடித்தான் அனுப்புவார்கள். வழும்போடு அனுப்பினால் அந்த வீட்டுக்காரரை மதிக்கவில்லை என்று அர்த்தம். அம்மாவின் கணக்கில் அந்த எட்டு மீன்களும் மடத்தின் வீட்டுக்குப் போன மீன்கள். உயிரோடு இருந்தது ஒரு சின்ன இடைஞ்சல், அவ்வளவுதான்.

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. தலையிலிருந்து வால் மட்டும், வடிவா. அந்தச் சொற்கள் காதுக்குள் திரும்பத் திரும்ப ஓடின. தலையிலிருந்து வால் மட்டும். பக்கக்கோடு போகும் வழியே. தொட்டாலே பிய்ந்துவிடும் ஜெலித் தொப்பிகளின் மேலாக.

“மடம்,” என்றேன். “அம்மா மயிர்க்கலத்தை வழிச்சு எடுத்துப் போட்டா!”

“என்ன?”

“தோலுக்கு மேலை இருக்கிற மொட்டெல்லாம் போயிருக்கும். அதுதான் தண்ணி எந்தப் பக்கம் ஓடுதெண்டு உதுகளுக்குத் தெரியேல்லை. செவ்வாய்க்கிழமை வேலை செய்தது, இண்டைக்கு செய்யேல்லை. இடையிலை நடந்தது சாம்பல்தான்!”

மடம் அப்படிச் சுலபமாக மடங்கும் ஆள் இல்லை.

“அல்லது மீன் பயந்து போச்சு. சாம்பல் காரம். கண்ணிலை பட்டிருக்கும், செவுளிலை பட்டிருக்கும். விடியக் காலமை ஒருத்தர் உம்மைப் பிடிச்சுச் சாம்பலாலை தேய்ச்சு, வாளியிலை போட்டு, பஸ்ஸிலை கொண்டு வந்தால், நீரும் எந்தப் பக்கம் பாத்து நிக்கிறதெண்டு தெரியாமல்தான் நிப்பீர்.”

அது நியாயம். ஆனாலும் என்னிடம் ஒரு துருப்பு இருந்தது.

“மீனுக்கு அந்தக் கலம் திரும்ப வளரும், மடம். கலம்தான் காரணமெண்டால், வளர வளர இதுகள் திரும்பவும் ஓட்டத்துக்கு முகம் குடுக்க வேணும். எனக்கு ஒரு கிழமை தாருங்கோ.”

மடம் கோப்பைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார்.

“அடுத்த வெள்ளி. தேய்க்காத மீனும் பக்கத்திலை இருக்க வேணும்.”

தேய்க்காத மீனுக்காகப் பெரியப்பாவிடம் மறுபடி போனேன். நடந்ததை இரண்டு தரம் சொன்னேன். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

“அப்ப கொம்மா எட்டு மீனைச் செவிடாக்கிப் போட்டா!”

“ஓம். ஆனா திரும்ப வரும்.”

“திரும்ப வருமோ? என்னெண்டு?”

“மீனுக்கு அந்தக் கலம் செத்தால் புதுசா முளைக்கும், பெரியப்பா.”

“மனுசருக்கு?”

அதே மயிர்க்கலங்கள்தான் நம் உட்காதிலும் இருக்கின்றன. அதே உயரப்படி நிற்கும் இழைகள், அதே நூல், அதே கதவு. வருடக்கணக்காகப் பேரிரைச்சல் அடித்தால் அவை சாய்ந்து, முறிந்து, செத்துப்போகின்றன. இதையெல்லாம் நான் பரீட்சைக்கு எழுதிப் புள்ளி வாங்கியவள். எழுதும்போது பெரியப்பாவின் இடது காது எனக்கு நினைவு வரவேயில்லை.

“மனுசருக்கு வராது,” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஒரு தரம்தான் சொன்னேன். அவருக்குக் கேட்டுவிட்டது.

வலையைக் கொஞ்சம் இழுத்து, ஒரு கண்ணியைச் சரிபார்த்தார்.

“நல்ல ஆண்டவர்,” என்றார். “இஞ்சினை எனக்குத் தந்துபோட்டு, மருந்தை மீனுக்குக் குடுத்திருக்கிறார்.”

அடுத்த நாள் நான்கு யப்பான் மீன்கள் வந்தன. இந்தத் தடவை சாக்கு இல்லை. திறந்த வாளியில், துறையில் நின்ற எல்லோருக்கும் “உது கம்பஸுக்குப் போற மீன், கை வைக்காதையுங்கோ” என்று அறிவித்தபடி பெரியப்பாவே தூக்கிவந்தார். நான் பேசினின் விளிம்பில் “கழுவ வேண்டாம்” என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். அம்மா எழுத்துக் கூட்டி வாசித்து, முகத்தைத் தூக்கிக்கொண்டு, “வழும்போடை போனால் உன்ரை பேர் கெடாது, என்ரை பேர்தான் கெடும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கழுவாத நான்கும் சிவப்பு வெளிச்சத்தில் பம்பி ஓடத் தொடங்கியதும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. பூசையில் நற்செய்தி வாசிக்கும்போது முன்வரிசை எழும்ப, பின்வரிசை எழும்புவதுபோல. கழுவிய எட்டும் திங்கட்கிழமை பழையபடி சுவரோடு கதைத்தன. புதன்கிழமை இரண்டு மூன்று நின்று யோசித்தன. பாதி திரும்பி, பிறகு மறந்துவிட்டதுபோல விட்டன. பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் இருந்த விடயம் என் கண் முன்னால் நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருந்தது. நான் மதியச் சாப்பாட்டையும் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தே சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை மடம் வந்தபோது எட்டில் ஏழு ஓட்டத்துக்கு முகம் கொடுத்து நின்றன. எட்டாவது குறுக்கே நின்று மற்றவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு நான் மனதுக்குள் பெரியப்பா என்று பெயர் வைத்திருந்தேன்.

மடம் வெகுநேரம் பார்த்தார். பிறகு சேற்றுச் சிப்பிக் கோப்பை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார்.

“தலைப்பு உமக்கு. ஆனா நீர் இப்ப காட்டினது ஒரு விபத்து. ஆய்வெண்டால் அதையே தெரிஞ்சு செய்ய வேணும். துடைச்ச மீன் கொஞ்சம், துடைக்காமல் பிடிச்சு மட்டும் விட்ட மீன் கொஞ்சம், தொடாத மீன் கொஞ்சம். அப்பதான் பயமோ கலமோ எண்டு பிரிச்சுச் சொல்ல ஏலும். எல்லா மீனிலையும் ஒரே கை, ஒரே அழுத்தம் இருக்க வேணும். அதுக்கு முதல் அனுமதிப் படிவம்.”

ஒரே கை. என் கையால் ஒரு மீனைப் பிடித்துத் துடைத்துப் பார்த்தேன். அது வழுக்கி, மேசையில் ஒரு தரம், நிலத்தில் ஒரு தரம் துள்ளி, மடத்தின் செருப்பில் போய் நின்றது. உயிருள்ள எட்டு மீன்களின் வழும்பை, ஒரு செதில்கூடக் கழலாமல், நான் கொய்யகம் மடித்து முடிப்பதற்குள் எடுத்த கை எங்கள் வீட்டில் இருந்தது.

விலங்குகளை ஆய்வுக்குப் பயன்படுத்த அனுமதி கேட்கும் அந்தப் படிவத்தில் “மீன்களைக் கையாள்பவர்” என்று ஒரு பகுதி உண்டு. அதற்குக் கீழே “கல்வித் தகைமை.” அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூண்டாம் வகுப்பெண்டு எழுதிப் போடாதை.”

“அப்ப என்ன எழுதுறது?”

“ஒண்டும் எழுதாதை. கோடு ஒண்டைப் போட்டு விடு.”

கோடு போட எனக்கு மனம் வரவில்லை. “முப்பது ஆண்டுகளாக நாள்தோறும் மீன் சுத்தம் செய்பவர்” என்று எழுதி, வாசித்துக் காட்டினேன். அம்மா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு பெயரை எழுதிப் பழக ஒரு வெற்றுத்தாள் கேட்டார். தாளின் இரண்டு பக்கமும் நிரம்பிய பிறகுதான் படிவத்தில் கையெழுத்து வைத்தார்.

பெரியப்பா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “என்ரை பேர் எங்கை?”

“மீன் வழங்குபவர் எண்டு போட்டிருக்கிறன்!” என்று கத்தினேன்.

“மீனுக்கு உடம்பெல்லாம் காதெண்டு எழுதியிருக்கோ?”

“இல்லை!”

“அப்ப சரி. குடு, வைக்கிறன் கையெழுத்து.”

அடுப்புச் சாம்பலை அம்மா மூன்று தரம் மெல்லிய துணியில் அரித்து, ஒரு பழைய பால்மா ரின்னில் போட்டு மூடி வைத்திருக்கிறார். யாரும் தொடக்கூடாதாம். நேற்றுக் காலை படிவத்தைப் பீட அலுவலகத்தில் கையளித்தேன். கிடைத்ததற்கு முத்திரை குத்திய பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது அதை ஆய்வுகூடத்தில் கிடந்த எங்கள் வாளிக்குள் வைத்து மூடிக்கொண்டு வந்தேன். வாளியில் மீன் இல்லை என்று நடத்துனர் கொஞ்சம் ஏமாந்துபோனார்.